யாருடைய நேரத்தில் படிப்பது?

அன்புள்ள ஐயா,

எனக்கு 44 வயது. கணக்குப் பிரிவில் வேலை. புதிய மென்பொருள் வந்து எங்கள் வேலையில் பாதியை எடுத்துக்கொண்டது. சொந்தமாகக் கற்றுக்கொள்ளாதவர்களுக்கு இனி இடமில்லை என்கிறார் மேலாளர். இரவு பதினோரு மணிக்கு மேல் இணைய வகுப்பு பார்க்கிறேன். மூன்றைப் பாதியில் விட்டுவிட்டேன். இந்த வயதில் மண்டையில் ஏறாதோ? டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்கலாமா, ஏஐ படிக்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

எதைப் படித்தாலும் உங்களுக்குத் தெரிந்த கணக்கிலிருந்து தொடங்குங்கள், போதும். வயதுப் புலம்பலை விடுங்கள். பகல் முழுக்க உழைத்துவிட்டுப் பதினோரு மணிக்கு உட்கார்ந்தால் இருபது வயதுக்காரருக்கும் ஏறாது. எனக்குக் கோபம் வந்ததே அந்தப் பதினோரு மணியால்தான். மேலாளர் சொன்னதை அப்படியே விழுங்கிவிட்டு என்னிடம் பாடத்திட்டம் கேட்கிறீர்களே!

நான் வேலை பார்த்த அச்சகத்தில் ஈய எழுத்து கோக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். கணினி வந்ததும் முதலாளி அவருக்குத் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினார், சம்பளத்தில் கை வைக்காமல். விசைப்பலகையில் அவர் விரல்கள் ரொம்ப நாள் திணறின. ஆனால் எந்த வரியை எங்கே உடைப்பது, எங்கே இடைவெளி கூடிப்போய்ப் பக்கம் ஓட்டையாகத் தெரிகிறது என்பதெல்லாம் வேகமாகத் தட்டிய எங்களுக்குத் தெரியாது. அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவரை ராத்திரியில் எங்காவது போய்க் கற்றுக்கொண்டு வரச் சொல்லியிருந்தால் அந்தக் கண்ணையும் சேர்த்து இழந்திருப்போம்.

இது ஒரு நல்ல முதலாளியின் தயவில் நிற்கிற விஷயமாக இருக்கக் கூடாது. வேலை நேரத்தில், வருமானத்துக்கு வழி செய்து, படிக்க விடுப்பு தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974-லேயே உடன்படிக்கை கொண்டுவந்துவிட்டது. ஜெர்மனியில் தொழில் பழகும் இளைஞர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்குப் போனாலும் அவருடைய ஊதியம் குறைவதில்லை. பதினெட்டு வயதில் நியாயமாக இருப்பது நாற்பத்து நாலில் மட்டும் சலுகையாகிவிடுமா? சிங்கப்பூர் முதலில் 25 வயதைத் தொட்ட குடிமக்களுக்குப் பயிற்சிக் கட்டணத்துக்காக 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தது. கட்டணம் சரி, படிக்கிற மாதங்களில் வீட்டுச் செலவுக்கு எங்கே போவது? 40 வயதானவர்கள் முழுநேரமாகப் படித்தால் மாதம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகை என்ற ஏற்பாடு அங்கே 2025-ல்தான் வந்தது.

பாதியில் விட்ட மூன்று வகுப்புகளுக்காக உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். பிரிவில் உள்ள மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு மேலாளரிடம் போங்கள். அந்த மென்பொருளிலேயே பயிற்சி வேண்டும், வாரத்தில் இத்தனை மணி நேரம், அலுவலக நேரத்தில் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மறுத்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.