தேவாங்கும் குண்டுக்கரிச்சானும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தேவாங்கு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் தோப்பில் விடியலில் குண்டுக்கரிச்சான் குருவி பாடும். இருட்டியதும் புளியமரத்தில் தேவாங்கு சீழ்க்கை அடிக்கும். குரங்கினம் என்பதால் தேவாங்குதான் நமக்குச் சொந்தம் என்கிறீர்கள். எனக்கென்னவோ கரிச்சான்தான் நெருக்கமாகத் தெரிகிறது. வெறும் பிரியம்தானா இது?

க.செ., நத்தம்

அன்புள்ள க.செ.,

பிரியம் மட்டுமில்லை. வம்சாவளி பார்த்தால் தேவாங்குதான், அதில் பேச்சே இல்லை. பறவைகளின் கிளையும் நம் கிளையும் பிரிந்து ஏறக்குறைய 32 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தேவாங்குக்கு நம்மைப் போலவே தட்டை நகங்கள். (பின்காலின் இரண்டாம் விரலில் மட்டும் கூர்நகம், சொறிந்துகொள்ள!)

குரல் என்று வந்தால் கதை வேறு. தேவாங்கின் சீழ்க்கை பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. கரிச்சான் மாதிரிப் பாடும் பறவையின் குஞ்சோ மூத்ததைக் கேட்டு, முதலில் உளறி, திருத்தித் திருத்தித்தான் பாட்டைப் பிடிக்கிறது. எதையும் கேட்கவிடாமல் தனியாக வளர்த்தால் பாட்டு கோணலாகிவிடும். நம் குழந்தைகள் பேசப் பழகுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். குரங்கின உறவுகளில் வேறு யாருக்கும் இது இந்த அளவுக்கு வாய்க்கவில்லை. கரிச்சான் இன்னும் ஒருபடி மேலே போய் அக்கம்பக்கத்துப் பறவைகளின் குரலையும் எடுத்துப் பாடும். ஆக, உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அதற்காகத் தேவாங்கை ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். அதன் பேச்சில் பாதி வாசனை. சிறுநீரைக் கைகால்களில் பூசிக்கொண்டு, போகும் கிளையெல்லாம் தடவிவிட்டுப் போகும். பாட்டு காற்றோடு போய்விடும். இது ஆள் போன பிறகும் கிளையில் இருக்கும்.

அப்புறம், எனக்குக் கவலை தேவாங்கைப் பற்றித்தான். கரிச்சான் சுவர்ப் பொந்தில்கூட நாலைந்து முட்டையிட்டுவிடும். குஞ்சுகள் இரண்டு வாரம் போல வளர்ந்து வெளியே வந்துவிடும். தேவாங்கு ஐந்தரை மாதம் சுமந்து ஒன்றோ இரண்டோ ஈனுகிறது. அதற்குத் தாவவும் வராது. கிளையைப் பிடித்துக் கிளைக்குத்தான் போக வேண்டும். நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் தரையில் இறங்கணும். அங்கே நாய் இருக்கும், வண்டி இருக்கும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பகுதியில் 11,806 ஹெக்டேரை 2022இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது நல்ல காரியம். ஆனால் உங்கள் தோப்பு மாதிரியான இடங்கள் அதற்குள் வராது. உங்கள் புளியமரத்துக்கும் பக்கத்து வேலிக்கும் கிளைத் தொடர்பு இருக்கிறதா? பார்த்து எழுதுங்கள்.