நைட்டனூயியின் முழங்காலும் ஆபீஸ் கண்ணீரும்

கேள்வி: பெர்த் நகரில் வேலை பார்க்கிறேன். வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் கிளப்பின் நிக் நைட்டனூயி 2023இல் ஓய்வு பெற்றபோது எங்கள் ஆபீஸில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. இன்றும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு ஃபூட்டி (ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால்) பக்கம் திரும்பினால், "அவருக்கு மட்டும் கால் நன்றாக இருந்திருந்தால்..." என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். 15 சீசன் கிளப்பில் இருந்தவர், ஆடியது 213 ஆட்டம். கிளப் கோப்பை வாங்கிய 2018 இறுதி ஆட்டத்தில் அவர் மைதானத்திலேயே இல்லை. சம்பளம் மட்டும் தவறாமல் வந்தது. அடிபடாமல் வாரா வாரம் ஆடிவிட்டுப் போகிறவர்களுக்கு இல்லாத உருக்கம் இவருக்கு எதற்கு?
— ஒரு வாசகர், பெர்த்

பதில்: சம்பளத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் உங்கள் கேள்வியில் எனக்குப் பிடிக்காத பகுதி அதுதான். ஒப்பந்தம் போடும்போது அந்த முழங்காலின் நிலைமை கிளப்புக்குத் தெரியாதா? எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்கள். அது மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள லீக். ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். அந்தக் கவலை கிளப்பை நடத்துகிறவர்களுடையது. உங்கள் பாக்கெட்டிலிருந்து போயிருந்தால் டிக்கெட் காசு போயிருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் தோரணையைப் பார்த்தால் அதுவும் போயிருக்காது என்றுதான் தோன்றுகிறது.

சரி, அதற்காக உங்கள் ஆபீஸ் நண்பர்கள் பக்கமும் நான் இல்லை. 'கால் மட்டும் நன்றாக இருந்திருந்தால்' என்று பெருமூச்சு விடுவது அவரைப் பாராட்டுவது போலத் தெரியும். உண்மையில் அது அவருடைய ஆட்டத்தில் பாதியைத் தூக்கிக் குப்பையில் போடுவது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த விளையாட்டைப் பார்த்திராத வாசகர்களுக்காக ஒரு சுருக்கம். ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால் முட்டை வடிவ மைதானத்தில், பெரும்பாலும் கிரிக்கெட் மைதானத்திலேயே, பக்கத்துக்கு 18 பேர் ஆடுவது. ஆட்டம் நான்கு கால்பகுதி. ஒவ்வொரு கால்பகுதியின் தொடக்கத்திலும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும், நடுவர் பந்தை மைதானத்தின் நடுவில் ஓங்கித் தரையில் அடித்து எழுப்புவார் (2025 வரை அப்படி, இப்போது மேலே எறிகிறார்). இரண்டு அணியிலிருந்தும் ஆளுக்கொரு நெடியவர் ஓடிவந்து எம்பி, அந்தப் பந்தைத் தன் ஆளுக்குத் தட்டிவிட வேண்டும். அந்த நெடியவர்தான் ரக்மேன். தட்டிய பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர், கோல் அடிக்கிறவர் எல்லாம் வேறு ஆட்கள். 2014இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை வாங்கிய மாட் பிரிடிஸ், ஈகிள்ஸின் நடுக்களத்தில் நின்று நைட்டனூயி தட்டிவிட்ட பந்துகளைப் பொறுக்கியவர்களில் ஒருவர். ரக்மேனின் உழைப்பு பெரும்பாலும் அடுத்தவர் பெயரில்தான் வரவாகும்.

நைட்டனூயியின் பெற்றோர் ஃபிஜிக்காரர்கள். சிட்னியில் பிறந்து, பெர்த்தின் கிழக்கே மிட்வேல் பகுதியில் வளர்ந்தவர். உயரம் 201 சென்டிமீட்டர். 2008 டிராஃப்டில், அதாவது கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், நாட்டிலேயே இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த உயரத்தில் இருக்கிறவர்கள் பொதுவாக மெதுவாக எழும்புவார்கள், மெதுவாகத் திரும்புவார்கள். இவர் எழும்பினால் எதிராளியின் தோளுக்கு மேலே போய் நிற்பார். தரைக்கு வந்த அடுத்த நொடி குட்டையானவர்களோடு சேர்ந்து பந்துக்குப் பாய்வார். 22 வயதில், 2012இல், ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களை வைத்துக் காகிதத்தில் தேர்வு செய்யும் கனவு அணி அது. 2013இல் நார்த் மெல்பர்னுக்கு எதிராக, ஆட்டம் முடிந்த சைரன் ஒலித்த பிறகு உதைத்த கோலில் வெற்றி. 2015இல் அந்த ஆண்டின் சிறந்த கேட்ச்சுக்கான விருது.

அப்புறம் 2016 ஆகஸ்டில், ஹாதார்ன் அணியோடு ஆடும்போது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. டாக்டர்கள் ஏ.சி.எல். என்பார்கள். 2017 முழுவதும் போனது. 2018 தொடக்கத்தில் திரும்பி வந்தார். ஆட்ட நேரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் களத்தில் இருப்பார், மீதி நேரம் வெளியே. அதற்கே ஒரு கேலி கிளம்பியது, உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஜூலையில் மெல்பர்னின் எம்.சி.ஜி. மைதானத்தில், காலிங்வுட் அணிக்கு எதிரான ஆட்டத்தில், அடுத்த முழங்காலிலும் அதே ஜவ்வு.

உங்கள் நண்பர்களின் நினைவு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. கதை நிற்கவில்லை. 2019 நடுவில் மறுபடி வந்தார். 2020இல் ஆல்-ஆஸ்திரேலியன். 2021இல் மறுபடியும் ஆல்-ஆஸ்திரேலியன். அந்த இரண்டு ஆண்டும் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. வயது 30, 31. இரண்டு முழங்காலிலும் ஜவ்வைப் புதிதாகக் கட்டிய பிறகு! 2020இல் கொரோனாவால் கால்பகுதி 20 நிமிடத்திலிருந்து 16 ஆகச் சுருங்கியது, அது அவருக்கு வசதியாகப் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். 2021இல் கால்பகுதி பழைய நீளத்துக்குத் திரும்பியது, அப்போதும் தேர்வாளர்கள் அவர் பெயரை அணியில் எழுதினார்கள்.

அதாவது, கால் நன்றாக இருந்த வயதில் ஒருமுறை கிடைத்த இடம், கால் போன பிறகு இரண்டுமுறை கிடைத்தது. எம்பும் உயரம் குறைந்தவர், எங்கே எம்ப வேண்டும், யாருக்குத் தட்ட வேண்டும் என்பதில் இளம் வயது நைட்டனூயியைவிடக் கெட்டிக்காரராகியிருந்தார். குறைந்த நேரம் ஆடி, ஆடிய நேரத்தில் ஆட்டத்தையே திருப்பினார். இதை வைத்துக்கொண்டு 'இருந்திருந்தால்' என்று யாராவது ஆரம்பித்தால், 2021இல் நீங்கள் எந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேளுங்கள்.

குதிகால் தசைநார்தான் கடைசியில் முடித்து வைத்தது. 2023 சீசனில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவர் ஆடாத அந்த ஆண்டு ஈகிள்ஸ் ஜெயித்தது மூன்றே ஆட்டம். சிட்னியிடம் ஒரு நாள் 171 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. ஓய்வு அறிவித்தபோது நீங்கள் பார்த்த கண்ணீரில் ஒரு பங்கு அவருக்காக அல்ல, கிளப்பின் நிலைமைக்காக. அப்படித்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

இனி 2018 கோப்பை. இறுதி ஆட்டத்தில் அதே எம்.சி.ஜி., அதே காலிங்வுட். ஈகிள்ஸ் 79, காலிங்வுட் 74. கடைசி நிமிடங்களில் வெற்றி கோலுக்குப் போன பந்தின் பாதை பெர்த்தில் குழந்தைகளுக்கும் தெரியும்: மக்கவர்ன் பிடித்தார், வார்டி பிடித்தார், ரயன் பிடித்தார், ஷீட் பிடித்து எல்லைக் கோட்டோரமிருந்து உதைத்தார். இதில் நேதன் வார்டி யார்? நைட்டனூயியின் முதல் முழங்கால் போன பிறகு, ரக் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று 2016 கடைசியில் ஜீலாங்கிலிருந்து கொண்டுவந்தவர். முழங்கால் போகாமலிருந்தால் வார்டி அங்கே நின்றிருப்பாரா? ஷீடுக்கு அந்தப் பந்து வந்திருக்குமா? 'இருந்திருந்தால்' விளையாட்டை ஆடுவதென்றால் முழுதாக ஆட வேண்டும். பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளக் கூடாது.

அந்த லீக்கில் இறுதி ஆட்டத்தன்று களத்தில் இருந்தவர்களுக்குத்தான் பதக்கம். ஆண்டு முழுவதும் உழைத்து அரையிறுதியில் தசை பிடித்துக்கொண்டவருக்குக் கிடையாது. கறாரான ஏற்பாடு, எனக்கு அதில் பெரிய மனக்குறை இல்லை. 2016இல் மட்டும் ஒரு காட்சி. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 1954க்குப் பிறகு முதல்முறையாகக் கோப்பை வாங்கியது. கேப்டன் பாப் மர்ஃபி சீசன் தொடக்கத்திலேயே முழங்கால் போய் உட்கார்ந்திருந்தவர். பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தனக்குக் கிடைத்த பதக்கத்தைக் கழற்றி மேடையிலேயே மர்ஃபியின் கழுத்தில் போட்டார். மர்ஃபி அதைப் பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அந்தத் திருப்பிக் கொடுத்ததுதான் அதிகம் பிடித்தது.

அடிபட்டவர்களை எப்படி நினைப்பது என்று அதே நாட்டில் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. எசண்டன் கிளப்பின் ஜான் கோல்மன், 1949இல் முதல் ஆட்டத்திலேயே 12 கோல் அடித்தவர். 1954இல், 25 வயதில், முழங்கால் பிசகியதோடு ஆட்டம் முடிந்தது. ஆடியது 98 ஆட்டம்தான், கோல் 537. உங்கள் கணக்குப்படி 98 என்பது கேலிக்குரிய எண். இன்று லீக்கில் அதிக கோல் அடிப்பவருக்குக் கொடுக்கும் பதக்கத்தின் பெயர் கோல்மன் பதக்கம். ஆடாத ஆட்டத்துக்காக யாரும் பதக்கத்துக்குப் பெயர் வைப்பதில்லை.

உண்மையாகவே பறிபோன ஆட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் சிட்னி ஸ்வான்ஸின் அலெக்ஸ் ஜான்சனைப் பாருங்கள். 20 வயதில் 2012 கோப்பை அணியில் இருந்தார். அடுத்த சீசன் தொடங்குமுன் முழங்கால் போனது. அறுவைமேல் அறுவை. 2018 ஆகஸ்டில் ஐந்தரை ஆண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தார். அடுத்த வாரமே இன்னொரு முழங்கால். மொத்தம் 47 ஆட்டம். இந்த மனிதரைப் பற்றி 'இருந்திருந்தால்' என்று சொல்லுங்கள், நான் குறுக்கே பேச மாட்டேன்.

இன்னொன்று. முழங்காலைத் தலையெழுத்து போலப் பேசுவதும் எனக்கு ஒப்பாது. முன்பெல்லாம் ரக்மேன்கள் தூரத்திலிருந்து ஓடிவந்து நடுவில் மோதிக்கொள்வார்கள், முழங்காலின் பின்பக்கத்து ஜவ்வு அதில் கிழியும். அது கூடிக்கொண்டே போனதைப் பார்த்து 2005இல் நடுவில் 10 மீட்டர் வட்டம் போட்டார்கள், அதற்குள் நின்றுதான் ஓடிவர வேண்டும் என்று. அந்த வகை அடி வெகுவாகக் குறைந்தது. ஒரு சுண்ணாம்புக் கோடு செய்த வேலை! முன்பக்கத்து ஜவ்வு அப்படியில்லை. பல நேரம் யாருமே தொடாமல், இறங்கும்போதும் திரும்பும்போதும் கிழிகிறது. எழும்பி இறங்குவதே பிழைப்பாக உள்ளவருக்கு அதிலிருந்து எங்கே தப்ப? ஜனங்கள் எதைப் பார்க்கக் காசு கொடுத்து வந்தார்களோ அதில்தான் அவருடைய காலும் போனது. அதை ஏதோ உடம்பைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாதவர் என்ற மாதிரி நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை.

கடைசியாக, வாரா வாரம் ஆடுகிறவர்களுக்கு உருக்கம் இல்லை என்கிறீர்கள். 300 ஆட்டம் ஆடியவரை லீக் ஆயுள் உறுப்பினராக்குகிறது, தோளில் தூக்கி மைதானத்தை விட்டு வெளியே கொண்டுபோகிறார்கள். அவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது, அது வேறு ஆளைப் பற்றியது. அதே ஈகிள்ஸில் பிராட் ஷெப்பர்ட் என்று ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் இருந்தார். 2018 பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் தொடைத் தசை கிழிந்து அவரும் கோப்பையைத் தவறவிட்டார். 2020 ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் நைட்டனூயியோடு அவரும் உண்டு. தலையில் அடிமேல் அடி வாங்கி, 2021இல் 30 வயதிலேயே நிறுத்திக்கொண்டார். மொத்தம் 216 ஆட்டம், நைட்டனூயியைவிட மூன்று அதிகம். அவர் யார் தோளுக்கு மேலும் பறக்கவில்லை. எதிரணி கோல் அடிக்காமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நாளைக்குச் சாப்பாட்டு மேஜையில் ஷெப்பர்டின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். யாராவது "ஆமாம், அவரும்தான்" என்று பேச ஆரம்பித்தால் உங்கள் ஆபீஸ்காரர்கள் நல்ல ரசிகர்கள். சாப்பாட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் கேள்வியை அவர்களிடமே கேளுங்கள். நைட்டனூயியை விட்டுவிடுங்கள்.