எச்சில் இலையைக் கேமரா பிரிக்குமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் கல்யாண மண்டபம் நடத்துகிறோம். முகூர்த்த நாளில் ஆயிரம் இலைக்குக் குறையாது. பின்புறம் சாண எரிவாயுத் தொட்டி கட்டி, பந்தியில் மிஞ்சுவதை அதில் போடுகிறோம். பாட்டில் மூடி, ஸ்பூன், ஐஸ்கிரீம் கப் எல்லாம் கலந்து போய்க் குழாய் அடைத்துக்கொள்கிறது. கேமரா வைத்தால் கம்ப்யூட்டரே குப்பையைப் பிரித்துவிடும் என்கிறான் இன்ஜினியரிங் படிக்கும் மகன். நம்பி இறங்கலாமா?

பதில்: இறங்கலாமுங்க. ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு பந்தி முடியும் நேரத்தில் ஓரமாக நின்று பாருங்கள். இலை எடுக்கிறவர் மேசையின் ஒரு கோடியில் ஆரம்பித்து, விரித்திருக்கும் ரோல் பேப்பரோடு இலை, சோறு, பாட்டில், கப் எல்லாவற்றையும் பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே போய், ஒரே பொட்டலமாக டிரம்மில் தள்ளுவார். அரை நிமிடத்தில் மேசை காலி. அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்கும்போது அவரையும் குறை சொல்ல முடியாது.

அந்தப் பொட்டலத்தைக் கேமராவிடம் காட்டினால் அதற்குத் தெரிவது சாம்பார் ஊறிய காகிதம் மட்டுமே. உள்ளே இருக்கும் ஸ்பூனை எந்த மென்பொருளாலும் பார்க்க முடியாது. பெரிய ஆலைகளில் அகச்சிவப்புக் கதிரை வைத்துப் பிளாஸ்டிக் வகைகளைப் பிரிக்கும் இயந்திரங்கள் உண்டு. அவையெல்லாம் பெல்ட்டில் ஒரே அடுக்காகப் பரவி வரும் உலர்ந்த குப்பைக்கானவை.

அதனால் முதல் செலவு ஓர் ஆள், ஒரு கூடை. சுருட்டுவதற்கு முன்னால் பாட்டில், கப், ஸ்பூனைப் பொறுக்கிக்கொண்டு அவர் முன்னே போக வேண்டும். விரிப்பு பிளாஸ்டிக் தாளாக இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருட்களில் அதுவும் ஒன்று. அப்புறம் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீல் மேசை போட்டு, எச்சிலை அதில் கொட்டிப் பரப்புங்கள். கேமரா இருக்க வேண்டிய இடம் அந்த மேசைக்கு மேலே. பிளாஸ்டிக் தெரிந்தால் சிவப்பு விளக்கு எரியட்டும், கை எடுத்துப் போடட்டும். ரோபோ கை, காற்றடித்துத் தள்ளும் குழல் என்று யாராவது விலை சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, மகன் செய்ய வேண்டியது என்ன? வெறும் தரையிலிருந்து தொடங்க வேண்டாம். மொபைல்நெட் போல, பல லட்சம் படங்களில் ஏற்கெனவே பழகிய சிறிய மாடல்கள், அதாவது படத்தைப் பார்த்து இன்ன பொருள் என்று சொல்லும் மென்பொருள்கள், இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து, இன்ன பொருள் என்று முடிவு சொல்லும் கடைசி அடுக்குகளை மட்டும் உங்கள் படங்களால் திரும்பப் பழக்கினால் போதும். இணையத்தில் கிடைக்கும் குப்பைப் படத் தொகுப்புகளை நம்பாதீர்கள். டிராஷ்நெட் என்ற பிரபலமான தொகுப்பில் 2,527 படங்கள். கண்ணாடி, காகிதம், அட்டை, பிளாஸ்டிக், உலோகம், மற்றவை என்று வெள்ளைப் பின்னணியில் சுத்தமாக எடுத்தவை. ரசத்தில் நனைந்த கப் அதில் எங்கே இருக்கப் போகிறது? உங்கள் மேசையிலேயே, உங்கள் டியூப்லைட் வெளிச்சத்திலேயே, ஒவ்வொரு வகைக்கும் இருநூறு முந்நூறு படமாவது எடுக்கட்டும். வகையும் நான்கு போதும்: சோறு-குழம்பு, இலை-காகிதம், எலும்பு, பிளாஸ்டிக். இலையைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அது நார், தொட்டியில் சீக்கிரம் மக்காமல் மேலே மிதந்து ஏடு கட்டும். உரக்குழிதான் அதற்கு இடம்.

இங்கே நான் பட்ட அடியையும் சொல்கிறேன். ஒரு விடுதி சமையற்கூடத்துக்கு இப்படியொன்று செய்தோம். சோதனையில் பிரமாதமாக வந்தது, கொண்டுபோய் வைத்ததும் உளறியது. தேடிப் பார்த்தால், பிளாஸ்டிக் படங்களை எல்லாம் ஒரு மஞ்சள் வாளியில் வைத்து எடுத்திருக்கிறோம். மாடல் பழகியது வாளியை! சாம்பார் சாதத்தை அந்த வாளியில் கொட்டினாலும் பிளாஸ்டிக் என்றது. அதனால் ஐந்து கல்யாணத்தில் படம் எடுத்துப் பழக்கினால், ஆறாவது கல்யாணத்தில் சோதியுங்கள். ஒரே கல்யாணத்துப் படங்களைக் கலைத்துப்போட்டுப் பாதியில் பழக்கி, பாதியில் சோதித்தால் வரும் மதிப்பெண் பொய்.

‘95 சதவீதம் சரி’ என்று யாராவது சொன்னாலும் மயங்காதீர்கள். நூறு பொருளில் ஐந்துதான் பிளாஸ்டிக் என்றால், எல்லாவற்றையும் சோறு என்று சொல்லும் முட்டாள் இயந்திரத்துக்கும் அதே 95. கேட்க வேண்டியது, அந்த ஐந்தில் எத்தனையைப் பிடித்தது என்பதைத்தான். சந்தேகம் வந்தாலே விளக்கு எரியும்படி வையுங்கள். வீணாக எரிந்தால் ஓர் ஆள் குனிந்து பார்ப்பார், அவ்வளவுதான். எரியாமல் போனால் குழாயைக் கழற்ற வேண்டும்.

இவ்வளவு செய்தபின் மேசைக்கு அடியில் எடை உணரியையும் பொருத்திவிடுங்கள். சில நூறு ரூபாய் சாமான். லண்டனில் வின்னோ என்ற நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த கருவியும் இப்படித்தான்: தொட்டிக்கு அடியில் தராசு, மேலே கேமரா, எந்த உணவு எவ்வளவு வீணானது என்று சமையல்காரருக்குக் கணக்கு. உங்களுக்கு இதில் இரண்டு லாபம். கடைசிப் பந்தியில் ஒப்புட்டு எத்தனை கிலோ திரும்பி வந்தது என்பதை அடுத்த வீட்டாரிடம் காட்டி அளவைக் குறைக்கச் சொல்லலாம். இரண்டாவது, தொட்டிக்கு. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிலோ சோற்றைத் தள்ளினால் உள்ளே புளித்து அமிலமாகி வாயு நின்றுவிடும். எடை தெரிந்தால் நாலைந்து நாளுக்குப் பிரித்துப் போடலாம்.

மகனிடம் நாள் பார்த்துத் தொடங்கச் சொல்லுங்கள். ஆடி பிறந்தால் முகூர்த்தம் இல்லை, படமும் கிடைக்காது. அந்த மாதம் தொட்டிக்குக் கட்டுத்தரையிலிருந்து தினமும் சாணம் போய்க்கொண்டிருக்கட்டும். பட்டினி போட்டால் ஆவணியில் வாயு எழும்ப நாளாகும்.