நேத்தே அனுப்பிட்டேனுங்க: இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக இருந்து, பையர்களுக்கு, அதாவது சரக்கு வாங்குபவர்களுக்கு, மெயில் எழுதியே இங்கிலீஷ் பழகியவள் நான். வந்த கேள்விகளில் சில இங்கே.

அவினாசியிலிருந்து: அக்கா, 'ஐ ஹேவ் சென்ட் தி சாம்பிள் யெஸ்டர்டே' தப்புன்னு மேனேஜர் சொல்றாருங்க. அனுப்பியாச்சுதானுங்களே?

அனுப்பியாச்சு, சரி. ஆனால் 'யெஸ்டர்டே' என்று முடிந்துபோன நாளைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' கூட வராது. 'ஐ சென்ட் தி சாம்பிள் யெஸ்டர்டே' போதும். நாளே சொல்லாவிட்டால் 'ஐ ஹேவ் சென்ட் தி சாம்பிள்' சரிதான். சாம்பிள் கிளம்பிவிட்டது, இனி எதிர்பார்க்கலாம் என்று பையர் புரிந்துகொள்வார். நம் பேச்சில் 'நேத்தே அனுப்பிட்டேன்' என்று இரண்டும் ஒட்டியே வரும். அந்தப் பழக்கம்தான் கையைப் பிடித்து 'ஹேவ்' போட வைக்கிறது.

பெருந்துறையிலிருந்து: 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' சரிங்களா?

இதுவும் அதே கதை. 'அஞ்சு வருஷமா வேலை செய்யறேன்' என்று தமிழில் நிகழ்காலம் போதும். அங்கே 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்றுதான் வர வேண்டும். ஆண்டைச் சொன்னால் 'சின்ஸ் 2019'.

ஈரோடு, மஞ்சள் வியாபாரி: 'யூ மஸ்ட் பே தி பேலன்ஸ்' என்று எழுதினேன். பார்ட்டி கோபித்துக்கொண்டாருங்க.

கோபம் வரத்தான் செய்யும். நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'வேண்டும்'. இங்கிலீஷில் அது பல துண்டு. 'மஸ்ட்' கட்டளை மாதிரி விழும். 'ஷுட்' என்றால் செய்வது நல்லது என்ற யோசனை. விதியோ சூழ்நிலையோ கட்டாயப்படுத்தினால் 'ஹேவ் டு'. பாக்கி கேட்க 'குட் யூ ப்ளீஸ் பே தி பேலன்ஸ்' என்று எழுதுங்க. இந்தக் 'குட்' இறந்தகாலம் இல்லை, குரலைத் தணிக்கிறது, அவ்வளவுதான். நானும் ஒரு பையருக்கு 'யூ மஸ்ட் அப்ரூவ் டுடே' என்று எழுதி, மூன்று நாள் பதிலே வராமல் உட்கார்ந்திருக்கிறேன்.

காங்கேயத்திலிருந்து: 'டிட் நாட் வென்ட்'?

'டிட் நாட் கோ'. இறந்தகாலத்தை 'டிட்' சுமந்தாகிவிட்டது. ஒரு மாட்டுக்கு ரெண்டு மூக்கணாங்கயிறு எதுக்குங்க?

கரூரிலிருந்து: 'வீ வுட் ஷிப் ஆன் ஃப்ரைடே' மரியாதையாக இருக்கும்தானுங்களே?

கேட்கும்போதுதான் 'வுட்' மரியாதை. வாக்குக் கொடுக்கும்போது அது 'அனுப்புவோம், ஆனா...' என்று இழுப்பது போல ஆகிவிடும். வெள்ளிக்கிழமை தூத்துக்குடிக்கு லாரி கிளம்புவது உறுதி என்றால் 'வில்' போடுங்க. உறுதி இல்லையென்றால் 'மே'.