காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் வறண்ட மாவட்ட விவசாயிகளுக்குச் சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அந்த வழி டெல்லியில் உச்ச நீதிமன்றத்தில் ஆரம்பித்து, நம்ம ஊர் வி.ஏ.ஓ. கையில் இருக்கும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் பதிவேட்டில் வந்து முடிகிறது. நடுவில் அது எங்கே அறுந்துபோகிறது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமம். ஊரில் யாருக்காவது மனு எழுத வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது. கடலுக்கும் எங்களுக்கும் வெகு தூரம், நமக்கு என்ன வரப்போகிறது என்று இருந்தோம். டிசம்பர் 1 ராத்திரி பிடித்த மழை விடவில்லை. மறுநாள் காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர். தருமபுரி மாவட்டம் அரூரில் 33 சென்டிமீட்டர். எங்களுக்கு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டிவிட்டது. ஏரித் தண்ணீர் பெருகி வந்து, சாலை ஓரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனதை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். டிவியில் வராத ஒன்றைச் சொல்கிறேன்.

என் பெரியம்மா ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி வைத்திருந்தார். நிலம் அவருடையது இல்லை, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு ஓட்டுகிறார். தை பிறந்ததும் கிழங்கு பிடுங்கி மில்லுக்கு அனுப்ப வேண்டியது. மூன்று நாள் தண்ணீர் வடியவில்லை. நாலாம் நாள் நானும் கூடப் போனேன். செடி நின்றுகொண்டுதான் இருந்தது, இலைகூடப் பெரிதாக வாடவில்லை. ஒரு செடியைப் பிடித்து இழுத்தால் கிழங்கின் தோல் மண்ணிலேயே தங்கிவிட்டது, வெறும் சதை மட்டும் கையோடு வந்தது. புளித்த கள் மாதிரி ஒரு வாடை. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை, அடுத்த செடியை இழுத்தார். அப்புறம் அதற்கடுத்த செடி. வரிசை முடியும்வரை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கரைக்கு ஏறினார்.

அரசு நிவாரணம் அறிவித்தது. 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர் போயிருந்தால், பாசனம் உள்ள இறவைப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், மழையை மட்டும் நம்பும் மானாவாரிக்கு 8,500 ரூபாய். மானாவாரி என்றால் ஏக்கருக்கு 3,400 ரூபாய் சொச்சம். அந்தத் தொகை போதுமா என்பது தனிக் கதை. கணக்கெடுக்க வந்தவர்கள் வயலைப் பார்த்தார்கள், பாதிப்பையும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பெயர் பட்டாதாரர் பெயர்தான். அவர் பெங்களூரில் இருக்கிறார். நிவாரணம் வந்தால் அவர் வங்கிக் கணக்குக்குப் போகும். கணக்கெடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் இருந்த காகிதம் அதைத்தான் சொன்னது.

"இந்த அம்மாதான் பயிர் செய்கிறார்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று நில உரிமையாளருக்குப் போன் செய்தேன். "தம்பி, பணம் வந்தா அக்காகிட்டயே குடுத்துடறேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க" என்றார். பணம் வந்தது, சொன்னபடி கொடுத்தும்விட்டார். அவர் நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் நல்லவராக இல்லாவிட்டால் பெரியம்மா யாரிடம் போய்க் கேட்டிருப்பார்?

அவர் கையெழுத்துக்குப் பயப்பட ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. குத்தகைதாரர் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்ற 1969-ல் இன்னொரு சட்டம். உழுகிறவரைக் காப்பாற்ற வந்த சட்டங்கள்தான். ஆனால் பெயர் பதிவானால் நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் எங்கள் பக்கம் வாரமும் குத்தகையும் வாய்ப்பேச்சாகவே நடக்கின்றன. காலநிலை கெட்டுப்போன இந்தக் காலத்தில் அந்தப் பழைய பயத்தின் பாரம் முழுக்க உழுகிறவர் தலையில் விழுகிறது. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம் என்று விதி இருக்கிறது. அதற்கும் நிலத்துக் காகிதம் வேண்டும். திரும்பவும் அதே இடத்தில் வந்து நிற்கிறோம்.

சரி, மேலே என்ன நடந்திருக்கிறது? 2024 மார்ச் 21 அன்று எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது. வழக்கு ராஜஸ்தான், குஜராத் பக்கம் உள்ள கானமயில் பறவையையும் மின்கம்பிகளையும் பற்றியது. அதில், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது குடிமக்களின் உரிமை, அது அரசியலமைப்பின் 14, 21 பிரிவுகளிலிருந்தே வருகிறது என்று நீதிமன்றம் அங்கீகரித்தது. ஏழைகளுக்குத்தான் அடி அதிகம் விழுகிறது என்பதையும், காலநிலை மாற்றத்துக்கென்று நாட்டில் தனிச் சட்டம் இல்லை என்பதையும் அதே தீர்ப்பு குறிப்பிட்டது. அந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. 21-ஆம் பிரிவு உயிர் வாழும் உரிமை. பெரியம்மாவின் மரவள்ளி அதற்குள் வருகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாநில அளவிலும் வேலை நடக்கிறது. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம், மாவட்டத்துக்கு மாவட்டம் ஆட்சியர் தலைமையில் ஓர் இயக்கம் என்று அமைப்புகள் இருக்கின்றன. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். கல் உடைக்கிறவர்களும் செங்கல் சூளையில் நிற்கிறவர்களும் நிறைந்த எங்கள் மாவட்டத்துக்கு இது பெரிய விஷயம். ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று சான்று வேண்டும். சூளையில் சுருண்டு விழுந்தவரை வீட்டுக்குத் தூக்கிவந்து அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டால் அந்தச் சான்று எங்கிருந்து வரும்? அப்படி ஏதாவது நடந்தால், எவ்வளவு துக்கம் இருந்தாலும், அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காரணத்தைப் பதிவு செய்ய வையுங்கள்.

மழை வெள்ளம் ஒரு பக்கம் என்றால் வறட்சி இன்னொரு பக்கம், அது சத்தமே இல்லாமல் வருவது. மழை பொய்த்தால் போர்வெல் ஆழம் கூடும். எங்கள் பாறையில் ஆழம் போகப் போக ஃபுளோரைடு கூடும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் பல்லில் பழுப்புக் கறையோடு சிரிக்கிற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த எண் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. கொள்கை என்றால் இதைத்தான் நான் கொள்கை என்பேன். குழாயைத் திறந்தால் தெரிய வேண்டும். ஆனால் ஒகேனக்கல் தண்ணீர் தடைப்படும் நாளில் ஜனங்கள் பழைய போர்வெல்லுக்கே திரும்புகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி என்றால் கிராம சபையில் தண்ணீர்ப் பரிசோதனை கேட்டுத் தீர்மானம் போடுங்கள். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை உண்டு.

கல்குவாரிக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்டால் ஒன்று சொல்வேன். 5 எக்டேருக்குக் குறைவான குவாரி, அதனால் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2012-ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை முடித்துவிட்டது. அனுமதியை எதிர்த்து, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் கெடு, தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். நஷ்டஈடு கேட்பதற்கு 5 வருஷம் இருக்கிறது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை 2010-ஆம் ஆண்டு பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு வழி போட்டது, நமக்குப் பக்கத்து வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பாலாற்றங்கரை ஜனங்கள் நடந்து நடந்து வாங்கிக்கொடுத்தது அது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று எல்லாரும் கேட்பார்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் பாருங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு இலவச வக்கீல் உண்டு என்பது ஓரளவு தெரிந்த விஷயம். அதே பிரிவில் வெள்ளத்தாலும் வறட்சியாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உண்டு என்று எழுதியிருக்கிறது. எங்கள் ஊரில் இது ஒருவருக்கும் தெரியாது. மனு எழுதுகிற எனக்கே அந்த மழைக்குப் பிறகுதான் தெரிந்தது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால் போதும்.

என்னைக் கேட்டால் முதலில் மாற வேண்டியது ஒன்றே ஒன்று. பேரிடர் கணக்கெடுப்புப் படிவத்தில் நிலம் யாருடையது என்று கேட்பதோடு, இந்தப் போகத்தில் பயிர் வைத்தது யார் என்றும் கேட்க வேண்டும். பக்கத்து வயல்காரர் இரண்டு பேர் சாட்சி சொன்னால் அந்தப் பெயருக்கு நிவாரணம் போக வேண்டும். அதனால் குத்தகை உரிமை எதுவும் உண்டாகாது என்று அதே படிவத்தில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் நில உரிமையாளரும் பயப்பட மாட்டார். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, மாநில அரசு ஓர் ஆணை போட்டால் நடக்கும். 2025 ஜனவரி 26 கிராம சபையில் இதை மனுவாகக் கொடுத்தோம். தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அதன் நகலை வாங்கி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்து ரசீது வைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. உங்கள் ஊரிலும் கொடுங்கள், பத்து ஊரிலிருந்து போனால் கண்ணில் படும்.

பெரியம்மா மறுபடியும் அதே நிலத்தில் மரவள்ளிதான் வைத்தார். குச்சி நட்ட அன்று என்னை வரச்சொல்லி, வயலில் நின்று தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுக்கச் சொன்னார். பக்கத்து வயல் அண்ணனையும் கூப்பிட்டுக் கூடவே நிற்கவைத்தார். மாதம் ஒரு போட்டோ, என் போனில் சேர்ந்துகொண்டே இருக்கிறது.