நைஜீரியா சாப்பாட்ட வீட்ல தினமும் செய்ய முதல்ல எதக் கத்துக்கணும்?

லாகோஸுக்குக் குடி போறோம், அங்க கிடைக்கற சாமான வெச்சு அந்த ஊர் சமையலையே தினமும் செய்ய முடியுமா, எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. தாராளமா முடியும். நான் அங்க ஆறு வருஷம் இருந்தேன், எனக்குக் கத்துக்குடுத்தது பக்கத்து ஃப்ளாட்ல இருந்த, அந்த ஊர் யொருபா இனத்து அக்கா ஒருத்தங்க. எல்லாரும் நேரா ஜொலோஃப் ரைஸ்ல (தக்காளி மிளகாய் விழுதுல வேகவிடற செவப்புச் சோறு) கை வைப்பாங்க, அத செய்யாதீங்க. முதல்ல ஒபே அட்டா கத்துக்கோங்க, யொருபா வீடுகள்ல பாதி சமையல் அதுலதான் நிக்குது.

ஒபே அட்டான்னா மிளகாய்க் குழம்புன்னு வெச்சுக்கலாம். டட்டாஷேன்னு நீளமா செவப்பா ஒரு மிளகாய் இருக்கும், காரம் கம்மி, கலருக்கும் கெட்டிக்கும் அதுதான். நாலு பேருக்கு டட்டாஷே நாலு, தக்காளி மூணு, வெங்காயம் ஒண்ணு, அட்டா ரோடோ ரெண்டு போதும். இந்த அட்டா ரோடோ குட்டிப் பூசணி மாதிரி அழகா இருக்கும், ஆனா நம்ம பச்சை மிளகாய் நினைப்புல ஆறு ஏழு போட்டுடாதீங்க, காரம் அதவிட பல மடங்கு, வெட்டின கையோட கண்ணத் தொடவே கூடாது. எல்லாத்தையும் அரைச்சுட்டு, எண்ணெய் ஊத்தறதுக்கு முன்னாடியே தனியா கொதிக்க விட்டு தண்ணிய வத்த விடணும், அப்புறம் இன்னொரு வெங்காயத்த நறுக்கி எண்ணெயில வதக்கி இந்த விழுதக் கொட்டி மிதமான தீயில அரை மணி நேரம் கிளறிக்கிட்டே இருக்கணும். நான் பத்து நிமிஷத்துல அடுப்ப அணைக்கப் போனா அந்த அக்கா எட்டிப் பாத்துட்டு "ஈ நெவர் டன்"னு சொல்வாங்க, இன்னும் ஆகலன்னு அர்த்தம், பிட்ஜின்னு அங்க பேசற கலப்பு இங்கிலீஷ்ல. தக்காளித் தொக்குக்கு எண்ணெய் பிரிஞ்சு மேல வரணும்னு எங்கம்மா சொல்ற அதே பதம்தான், வரலேன்னா புளிப்பும் பச்ச வாசனையும் போகாது.

இந்த விழுது இருந்தா மத்ததெல்லாம் வேகமா ஆகும். வெள்ளச் சோத்துக்கு அப்படியே ஊத்திக்கலாம், கீரை போட்டா எஃபோ ரிரோ. ஜொலோஃபும் இதே விழுதுலதான், கறி வேகவெச்ச தண்ணி, பிரிஞ்சி இலை, காஞ்ச தைம், அந்த ஊர் கறி பவுடர், மேகி க்யூப் சேத்து அரிசியப் போட்டு மேல ஃபாயில் மூடி சின்னத் தீயில வெச்சுடணும். அரிசி நீளமான புழுங்கல் அரிசியா இருக்கணும், பொன்னி மாதிரி சன்ன அரிசி குழைஞ்சுடும். ஊர்லேர்ந்து எடுத்துட்டுப் போற குழம்பு மசாலாவ இதுல போடாதீங்க, அந்த ஊர் கறி பவுடர் ரொம்ப சாதுவானது, வாசனையே வேற. அடி லேசா பிடிச்சா பதறவேண்டாம், விசேஷ வீட்டு ஜொலோஃபுக்கு அந்தப் புகை வாசனைதான் உயிர்.

அப்புறம் எகுசி. ஒரு வகை முலாம்பழ விதைய பொடிச்சு பாம் ஆயில்ல திரி திரியா வர்ற மாதிரி வேகவிட்டு உகு கீரை போடறது. இதுல கிரேஃபிஷ்னு ஒரு பொடி விழும், பேரக் கேட்டு பயந்துடாதீங்க, நம்ம சென்னாகூனி மாதிரி காஞ்ச குட்டி இறால்தான். 'இரு'ன்னு ஒரு புளிக்க வெச்ச விதையும் உண்டு, முதல் நாள் நாத்தமா தெரியும், எனக்கு ஒரு மாசத்துல அது இல்லாத கீரை வெறுமையா தெரிய ஆரம்பிச்சுடுச்சு.

எகுசியத் தொட்டுக்கிட்டு சாப்பிட எபா. மரவள்ளிக்கிழங்கத் துருவி புளிக்க வெச்சு பிழிஞ்சு வறுத்த ரவைதான் காரி, கொதிக்கற தண்ணியில தூவி ரெண்டு நிமிஷம் மூடி வெச்சு மரக்கரண்டியால களி மாதிரி கிண்டணும், அஞ்சு நிமிஷ வேலை. வலது கையால கிள்ளி உருட்டி குழம்புல தோய்ச்சு மெல்லாம முழுங்கணும், அதனாலதான் இந்த வகைக்கெல்லாம் பொதுவா ஸ்வாலோன்னே பேரு.

சனிக்கிழம காலைல அகரா போடுங்க, நம்ம கை அதுக்கு ஏற்கனவே பழகினது. காராமணிய ஊறவெச்சு தோல கசக்கி எடுத்துட்டு (இதுதான் பெரிய வேலை, ரெண்டு பேரா உக்காந்தா சீக்கிரம் முடியும்) கொஞ்சமா தண்ணி விட்டு அரைச்சு, காத்து ஏர்ற மாதிரி நல்லா அடிச்சு, வெங்காயமும் ரோடோவும் கலந்து, உப்ப பொரிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போடணும். உளுந்து வடைக்குப் பாக்கற பக்குவமேதான். அதே மாவுல எண்ணெயும் அரைச்ச டட்டாஷேயும் கலந்து இலையிலயோ டப்பாலயோ ஊத்தி முக்கால் மணி நேரம் ஆவில வெச்சா மோயின் மோயின், நடுவுல அவிச்ச முட்டைத் துண்டு வெப்பாங்க.

இன்னொரு விஷயம், கரன்ட் போய்ப் போய் வரும், மிக்ஸிய நம்பி இருக்காதீங்க. மார்க்கெட்லயே எஞ்சின் வெச்ச அரைக்கற கடை இருக்கு, மிளகாய் தக்காளிய வாங்கின கையோட அங்கேயே அரைச்சு வாங்கிக்கலாம், ஆனா காராமணி அரைக்கப் போனா முதல்ல மெஷினக் கழுவச் சொல்லுங்க, இல்லேன்னா அகரா முழுக்க மிளகாய்க் காரம் ஏறிடும். மைல் 12 மார்க்கெட்ல தக்காளி கூடைக் கணக்குல சல்லிசா கிடைக்கும், ரெண்டு மூணு குடும்பமா சேந்து வாங்கி பிரிச்சுக்கோங்க. வாங்கின அன்னிக்கே விழுதக் கொதிக்கவெச்சு தண்ணி வத்தினதும் ஆறவெச்சு டப்பா டப்பாவா ஃப்ரீசர்ல போட்டுடுங்க, வார நாள்ல ஆஃபீஸ் விட்டு வந்தா எண்ணெயில வதக்கறது மட்டும்தான் பாக்கி.