'கார்டை அப்புறம் மாத்திக்கலாம்' என்று சொன்னால் நம்பலாமா?

கேள்வி: குளச்சலில் இருந்து எழுதுகிறேன். மகள் பி.ஆர்க். இரண்டாம் ஆண்டு. நாகர்கோவிலில் லேப்டாப் வாங்கித் தரும் ஒருவர், "இப்போ 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு உள்ளதை எடுங்க. இது மாடுலர் லேப்டாப், பாகம் பாகமா கழற்றி மாட்டலாம். ரெண்டு வருஷம் கழிச்சு கார்டை மட்டும் மாத்தித் தாறேன்" என்கிறார். அதற்காக இப்போதே 15,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். துபாயில் இருக்கும் என் அண்ணன், கார்டைக் கழற்றி மாட்டும் வெளிநாட்டு லேப்டாப் ஒன்றை வாங்கி வருவதாகச் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: அந்த 15,000 ரூபாயை முதலில் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

கடையில் கிடைக்கும் லேப்டாப்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கிராபிக்ஸ் சிப் மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டிருக்கும். அதற்கான மெமரி சிப்களும் அதைச் சுற்றி அதே போர்டில் ஒட்டியிருக்கும். ரேமையும் எஸ்எஸ்டியையும் கழற்றி மாட்டுவதுபோல இதைக் கழற்ற முடியாது. பல விற்பனையாளர்கள் ரேம் மாற்ற முடிந்தாலே 'மாடுலர்' என்று சொல்லிவிடுகிறார்கள். உங்களிடம் சொன்னவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இரண்டு வருடம் கழித்து மாட்டப்போகும் கார்டின் பார்ட் நம்பர் என்ன, இன்றைய விலை என்ன, இரண்டையும் பில்லில் எழுதித் தருவீர்களா? எழுதித் தரமாட்டார். அப்படி ஒரு கார்டு இல்லை.

பிறகு எப்படி 'மாற்றித் தருவார்' என்றால், வழக்கமாக நடப்பது இரண்டு. உடைந்த லேப்டாப்பிலிருந்து எடுத்த, அதே மாடலின் பெரிய சிப் உள்ள மதர்போர்டைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். உங்கள் லேப்டாப்பில் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கும் ஃபேனும் சிறிய சிப்புக்கு அளந்து செய்தவை, சார்ஜரும் அப்படியே. சூடு ஏறியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆக, காசு கொடுத்தும் பெரிய சிப்பின் முழு வேகம் வராது. போர்டு மாறியதால் சீரியல் நம்பர் பொருந்தாமல் வாரண்டியும் போகும். இரண்டாவது வழி, பழைய சிப்பைச் சூடுகாட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது. ஒரே மாதிரியான சிப்பை மாற்றும் ரிப்பேர் வேலைக்கு அது சரி. பெரிய சிப் வைத்தால் அதற்குரிய மெமரி, மின்சாரம் கொடுக்கும் பாகங்கள், சிப்பை இயக்கும் வீபயாஸ் மென்பொருள் எல்லாமே மாற வேண்டும். வள்ளத்தில் 9.9 குதிரைத்திறன் எஞ்சினை இறக்கிவிட்டு 40 ஏற்றினால் பின்பலகை தாங்குமா என்று குளச்சலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இங்கும் அதே கதைதான்.

மூன்றாவதாக ஒரு வலையும் உண்டு. டெல் பிரிசிஷன் எம்6800, ஹெச்பி இசட்புக் 17 போன்ற பழைய வொர்க்ஸ்டேஷன்களில் (கனமான வேலைக்கான லேப்டாப்புகளில்) கார்டு உண்மையாகவே தனியாக வரும். எம்எக்ஸ்எம் என்ற அந்த அமைப்பைக் கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா கம்பெனி 2004-ல் கொண்டுவந்தது. பழையதைச் சரிசெய்து 'ரீஃபர்பிஷ்டு' என்று விற்பவர்கள் இதைத் திறந்து காட்டி, "பாருங்க, கழருது" என்பார்கள். கழரும். ஆனால் புதிய தலைமுறைக் கார்டு அதில் பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஸ்க்ரூ துளைகள் இடம் மாறும், ஹீட்சிங்க் சிப்பின்மேல் சரியாக உட்காராது, லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருள் கார்டை ஏற்க மறுக்கும். படிக்கிற பிள்ளைக்கு இது வேண்டாம்.

பெரிய கம்பெனி சொன்னால் நம்பலாம் என்றும் இல்லை. டெல் 2019-ல் ஏலியன்வேர் ஏரியா-51எம் என்ற மாடலைக் கார்டு மாற்றக்கூடியது என்று சொல்லி விற்றது. அடுத்த பெரிய தலைமுறைக் கார்டு வந்தபோது அதில் போட வழியில்லை. 2021-ல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். எம்எக்ஸ்எம் வந்து 20 வருடம் கடந்தும் கம்பெனிகள் உட்கார்ந்து ஒரு பொது அளவை நிலைநிறுத்தவில்லை. நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கு என்று ஒரு அரசு போர்ட்டல் திறந்தார்கள். பாகங்களைப் பொது அளவில் செய்யவேண்டும் என்று எந்தக் கம்பெனியையும் அது கட்டாயப்படுத்தவில்லை. வாங்குகிறவர்கள்தான் ஒவ்வொரு தடவையும் முழுக்காசு கொடுத்துப் புதிய லேப்டாப் எடுக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் அண்ணன் சொல்வது அநேகமாக ஃப்ரேம்வொர்க் என்ற கம்பெனியின் லேப்டாப் 16. அது ஏமாற்று இல்லை. 2024-ல் ரேடியான் ஆர்எக்ஸ் 7700எஸ் கார்டு உள்ள மாட்யூலோடு, அதாவது கழற்றி மாட்டும் பாகத்தோடு வந்தது. 2025 ஆகஸ்டில் ஆர்டிஎக்ஸ் 5070 மாட்யூலை அறிவித்தார்கள். பழைய லேப்டாப்பிலும் அது பொருந்தும். டச்பேடையும் கீபோர்டையும் எடுத்து, இணைப்பைக் கழற்றி, பின்பக்கம் உருவினால் பழைய மாட்யூல் வந்துவிடும். சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் கணக்குப் பாருங்கள். அறிவித்தபோது அந்த மாட்யூலின் விலை 649 டாலர். நம் பணத்தில் 55,000 ரூபாய்க்கு மேல். பழையதிலும் 8 ஜிபி மெமரி, புதியதிலும் 8 ஜிபி மெமரிதான். ஆர்க்கிடெக்சர் மாணவிக்கு, கட்டடத்தை நிஜப்படம்போல ரெண்டர் செய்து காட்டும் லூமியன், என்ஸ்கேப் மென்பொருள்களில் முதலில் போதாமல் போவதே கார்டின் மெமரிதான். முழு வேகத்தில் ஓட முதலில் வந்த 180 வாட் சார்ஜரும் போதாது, 240 வாட் வேண்டும். ஏதாவது பழுதானால் நாகர்கோவிலில் மட்டுமல்ல, திருவனந்தபுரத்தில் தேடினாலும் பாகம் கிடைப்பது கஷ்டம். கஸ்டம்ஸிலும் ஒரு சிக்கல்: 18 வயது ஆன பயணி ஒரு லேப்டாப்பைத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். பிறகு தனியாகக் கொண்டுவரும் மாட்யூல் அந்தச் சலுகையில் சேராது.

சாதாரண லேப்டாப்பில் பிறகு கார்டு சேர்க்க நடைமுறையில் இருக்கும் ஒரே வழி வெளிக் கார்டு, அதாவது ஈஜிபியு. டெஸ்க்டாப் கார்டை ஒரு பெட்டியில் வைத்துக் கேபிள் வழியாக இணைப்பது. இதற்கு லேப்டாப்பில் தண்டர்போல்ட் (3 அல்லது அதற்குப் பிந்தையது) அல்லது யுஎஸ்பி4 என்ற வேகமான போர்ட் இருந்தே ஆகவேண்டும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கிற சாதாரண டைப்-சி போர்ட் உதவாது. போர்ட்டின் பக்கத்தில் அம்பு முனை உள்ள மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்பெனியின் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தில் அந்தப் பெயரே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்குத் தனி பவர் சப்ளை வேண்டும். நடுத்தரக் கார்டுக்கு 450 வாட்டுக்குக் குறைய வேண்டாம். மானிட்டரை லேப்டாப்பில் செருகாமல் கார்டிலேயே செருக வேண்டும். லேப்டாப் திரையிலேயே பார்த்தால் படம் அதே கேபிளில் திரும்பி வரவேண்டியிருப்பதால் வேகம் இன்னும் குறையும். எப்படிச் செய்தாலும் டெஸ்க்டாப்பில் கிடைக்கும் முழு வேகம் வராது. தண்டர்போல்ட் 3, 4 போர்ட்டில் கேபிளின் வேகம் நொடிக்கு 40 ஜிகாபிட்டில் நின்றுவிடும். கார்டு வாங்கும்போது, லேப்டாப் சிப்பை டெஸ்க்டாப் போர்டில் ஒட்டி மலிவாக விற்கும் கார்டுகளைத் தொடாதீர்கள். வழக்கமான டிரைவர் அவற்றில் ஏறாது. எர்த் சரியாக உள்ள மூன்று பின் பிளக்கில் மட்டும் செருகுங்கள், ஐப்பசி மழையில் இடி கேட்டால் பிளக்கை உருவி வையுங்கள். ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைய இது ஆகாது. மேசையிலேயே இருக்கும் என்றால் மட்டும் யோசியுங்கள்.

ஆக, இன்று வாங்கும் கார்டுதான் அந்த லேப்டாப்பின் கடைசிக் கார்டு என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள். 4 ஜிபி வேண்டாம், 8 ஜிபி பாருங்கள். அந்த 15,000-ஐயும் இதில் போடுங்கள். பட்ஜெட் இடித்தால் ரேமை 16 ஜிபியிலும் எஸ்எஸ்டியை 512-லும் நிறுத்திக்கொள்ளலாம். காலி ஸ்லாட் இருந்தால் அவற்றைப் பிறகு கூட்டலாம். வரைபடம் போடும் ஆட்டோகேடும் ரெவிட்டும் பெரும்பாலும் பிராசசரை நம்பித்தான் ஓடும். ரெண்டர் வேலைக்குத்தான் கார்டு வேண்டும்.

கார்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்கவும் கூடாது. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரைக்கும் லேப்டாப்புகள் வந்திருக்கின்றன. மெலிந்த லேப்டாப்பில் வாட் குறைவாக இருக்கும், வேகமும் அதற்கேற்ப இறங்கும். கடையிலேயே லேப்டாப்பை ஆன் செய்யச் சொல்லி, என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எத்தனை வாட் என்று தெரியும். மெமரி அளவும் அங்கேயே இருக்கும். இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தந்ததற்கு மாறாகப் பொருள் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வாயால் சொன்ன வாக்கை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் வாய்தாதான் மிஞ்சும்.

உங்கள் ஊருக்கு என்று ஒரு வார்த்தை. உப்புக்காற்று ஃபேனையும் ஹீட்சிங்க் இடுக்குகளையும் சீக்கிரம் அரிக்கும். ஜன்னலோரம் கடலைப் பார்த்து லேப்டாப்பை வைக்கவேண்டாம். வருடத்தில் இரண்டு தடவை தூசி எடுங்கள். வெப்பநிலை வழக்கத்தைவிட ஏறினால், சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள்.